குற்றம் கலையான வரலாறு

ஒரு சமுதாயம் தன் ஏழைப் பிள்ளைகளை எவ்வாறு கருதுகிறது என்பதை அதன் சட்டநூலே காட்டிவிடும். பிரேசில் நாட்டில் 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்க்கு நிலமோ ஈட்டுத்தொகையோ அளிக்கப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1890இல் வந்த தண்டனைச் சட்டம், வேலையற்றுத் திரிவோரையும் கப்போய்ரா ஆடுவோரையும் ஒரே அதிகாரத்தில் சேர்த்துவைத்தது. தெருவில் அக்கலையை ஆடினால் 2 முதல் 6 மாதச் சிறை.

கப்போய்ரா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரேசில் மண்ணில் வளர்த்தெடுத்த தற்காப்புக் கலை. போரும் கூத்தும் பாட்டும் அதில் பிரிக்கவொண்ணாதவை. இருவர் ஆட, ஏனையோர் வட்டமாகச் சூழ்ந்து பாடுவர். ஆட்டத்தின் விரைவை ஆள்வது பெரிம்பாவ் என்னும் கருவி. வளைந்த வில்லில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கம்பியைக் குச்சியால் தட்டி இசைப்பர். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் செய்துகொண்ட வில்யாழை அறிந்த நமக்கு இக்கருவி அந்நியமன்று.

சால்வடோர் நகரில் 1889இல் பிறந்தவர் பாஸ்தின்யா. சிறுவயதில் தம்மினும் பெரிய பையன் ஒருவனிடம் ஓயாது அடிபட்டார். அதனைத் தம் வீட்டுச் சன்னல்வழியே கண்டுவந்த பெனெதித்தோ என்னும் ஆப்பிரிக்க முதியவர், சிறுவனை அழைத்துக் கப்போய்ரா கற்பித்தார். இதனைப் பிற்காலத்தில் பாஸ்தின்யாவே சொல்லியிருக்கிறார். சட்டம் குற்றமென்று ஒதுக்கிய கலை, கேட்பாரற்ற ஒரு பிள்ளைக்குக் காவலாயிற்று.

அவர் காலத்தவரான பிம்பா 1932இல் பயிற்சிக்கூடம் தொடங்கினார். 1937இல் அதற்கு அரசின் ஏற்பும் கிடைத்தது. மாணவர்கள் பள்ளியில் படிக்க வேண்டும், அல்லது வேலையில் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. கலையின் மீதிருந்த பழியை அது துடைத்தது மெய். ஆயினும் படிப்பும் வேலையும் அற்ற தெருப்பிள்ளைக்கு அந்த வாயில் எங்ஙனம் திறக்கும்? நலம் நாடி வகுக்கப்படும் விதிகளிலும் இந்த வினா மறைந்துகிடக்கிறது.

1940இன் புதிய தண்டனைச் சட்டத்தில் கப்போய்ரா குற்றமாக இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டே பாஸ்தின்யா தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். வெல்வதினும் தன்னை அடக்கியாள்வதே அங்குப் பாடம். 1966இல் செனெகல் நாட்டின் டாக்கர் நகரில் நடைபெற்ற கறுப்பின மக்களின் கலைவிழாவிற்குத் தம் மாணவர்களுடன் சென்றார். ஆனால் 1970களின் தொடக்கத்தில், கட்டடத்தைப் புதுப்பிப்பதாகக் கூறி அவரை வெளியேற்றினர். இடம் அவரிடம் திரும்பவில்லை. பார்வையிழந்து, வறுமையில், 1981இல் அவர் மறைந்தார்.

2014இல் கப்போய்ரா வட்டத்தை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அதே ஆண்டில் காங்கோ நாட்டின் கோமா நகரில், ஆயுதக் குழுக்களிடமிருந்து மீண்ட சிறார்களுக்கு யுனிசெஃப் துணையுடன் இக்கலை கற்பிக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்திய கைகள் அங்கே தாளமிடக் கற்றன.

பட்டயமும் பாராட்டும் கலைக்குக் கிடைத்துவிட்டன; அதனைக் காத்துத் தந்த ஆசானுக்குக் கூரை கிடைக்கவில்லை. ஒரு வட்டமாகக் கூடிப் பத்தாண்டு கண்டிருக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே: நம் சன்னலுக்கு வெளியே அடிபட்டு நிற்கும் பிள்ளை யார்? அவனை உள்ளே அழைக்க நம்மில் எவர் எழுவோம்?