கிழமை தவறாத சந்தையும் பூட்டிய அலமாரியும்



நம் கொங்கு நாட்டில் வாரத்தைச் சந்தையை வைத்து எண்ணுகிற பழக்கம் உண்டு. பொள்ளாச்சிச் சந்தை என்றால் வியாழக்கிழமை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கிழமை தவறாமல் கூடுவதால்தான் நாலு ஊர் சனம் நம்பி வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசிப்பும் அப்படித்தான். புத்தகத்துக்கும் ஒரு கிழமை வேண்டும்.

பள்ளிக் கால அட்டவணையில் அந்தக் கிழமைக்கு 'நூலகப் பாடவேளை' என்று பெயர். வாரத்தில் முதலில் பலியாவதும் அதுதான். பரீட்சை நெருங்கினால் கணக்குக்குப் போகும், ஆண்டு விழா வந்தால் ஒத்திகைக்குப் போகும். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே மறந்துபோன பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் நாம் அதை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டோம். அதனால்தான் இந்தப் பதிவு.

திருப்பூரில் 1903-ல் பிறந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். இன்று அது பெரியநாயக்கன்பாளையத்தில் பெரிய கல்வி நிறுவனமாக நிற்கிறது. 1946-ல் அவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழில் பாடம் நடத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஒரு பிள்ளை விஷயம் தேடினால், தமிழில் எடுத்துக் கொடுக்க என்ன இருந்தது?

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன.

ஒன்று, சட்டம். இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் 1850-லேயே வந்துவிட்டது. நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டன் போய் நூலகவியல் படித்து, அங்கே எல்லாத் தரப்பினரும் நூலகத்துக்கு வருவதைக் கண்டு திரும்பினார். நம் ஊரிலும் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினார். 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள் என்பதும் அந்தக் காலத்துச் செய்திதான். கடைசியில், அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு தொகை தனியாக இருக்கும். அதற்கு வேர் அந்தச் சட்டம்தான்.

இன்னொன்று, புத்தகம். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் செய்ய முடிவானது. தலைமைப் பதிப்பாசிரியராக வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன்தான் அவர். கல்லூரியில் கணிதம் படித்தவர், பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை எதிர்த்துத் தேர்வு எழுதாமல் விட்டவர். கோபிசெட்டிபாளையத்திலும் பிறகு வித்தியாலயத்திலும் பாடம் நடத்தியவர்.

முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கென்று வண்ணப் படங்களோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். அதுவும் பத்துத் தொகுதி, 1976-ல் நிறைவடைந்தது. ஒரு மனிதர் தம் வாழ்க்கையில் கால் நூற்றாண்டுக்கு மேல் இதற்கே கொடுத்திருக்கிறார். கீர்த்தனைகளால் அவரை அறிந்தவர்கள் பலர். இந்த உழைப்பை அறிந்தவர்கள் குறைவு.

நான் வேலை பார்த்த பள்ளியில் பெரும்பாலும் விசைத்தறி, பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். பல வீடுகளில் எழுத்து என்று இருப்பது நாள்காட்டி மட்டும்தான். அவர்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. திங்கட்கிழமை ஒரு புத்தகம் எடுக்கணும், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசணும். மதிப்பெண் கிடையாது. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், ஏன் என்று மட்டும் சொல்லணும். முதல் மாதம் எல்லோரும் ஒல்லிப் புத்தகமாகத் தேடினார்கள். அரைப் பரீட்சைக்குள் "சார், இதுக்கு அடுத்த பாகம் இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாய் திறக்காத பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பேசின. அந்தப் பழக்கம் மற்றப் பாடத்தையும் கெடுக்கவில்லை. கணக்கில் பல பிள்ளைகள் சறுக்குவது கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ளுகிற இடத்தில்தான் என்பதை எந்தக் கணக்கு ஆசிரியரும் ஒத்துக்கொள்வார்.

இன்று வசதிகள் கூடியிருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்குத் 'தேன்சிட்டு' இதழ் வருகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறார்கள். 2005-ல் தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் உண்டியலில் காசு சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். காந்திபுரத்தில் பெரிய நூலகத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். எல்லாம் சந்தோஷம். ஆனால் சந்தைத் திடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கூடுகிற கிழமை நிச்சயமில்லை என்றால் யார் வருவார்கள்?

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரு பாடவேளையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளையிடம் மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "இந்த வாரம் என்ன புஸ்தகம் எடுத்தே கண்ணு?" என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், பள்ளிக்கூடத்தில் போய் ஏனுங்க என்று மரியாதையாக விசாரியுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். அதற்குத்தான் வரி கட்டுகிறோம்.

உங்கள் பள்ளியில் நூலகப் பாடவேளை எந்தக் கிழமை, அது ஒழுங்காக நடக்கிறதா என்று எழுதுங்கள். நடக்கிற பள்ளிகளின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.