தேரை நகர்த்திய நுட்பம்

திருத்தணி முருகன் கோயிலின் மாசிப் பெருவிழாவில் வலம்வரும் தேர் முதல் திருவாரூர் ஆழித்தேர் வரை, தமிழ்நாட்டுத் தச்சர்கள் செய்த மிகக் கனமான மரவேலைகளை நகர்த்தும் கலை, வடம் பிடிப்போரின் தோள்வலிமையை மட்டும் நம்பியதன்று. அசையாது நிற்கும் தேரின் பின்சக்கரங்களுக்கு அடியில் உலுக்குமரம் எனப்படும் நீண்ட நெம்புகோலைச் செருகி, பலர் அதன் மறுமுனையில் ஏறி மிதித்தால்தான் முதல் அசைவு பிறக்கும். அதன்பின் தேர் தானே ஓட முற்படுவதால், சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை என்னும் ஆப்பு வடிவ மரத்துண்டை இடுவோர், எந்தக் கோணத்தில் வைத்தால் சக்கரம் எப்பக்கம் வழுக்கித் திரும்பும் என்று நொடியில் கணித்து, வைத்தவுடன் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தேரோட்டத்தில் மிகுந்த ஆபத்தும் மிகுந்த நுட்பமும் கொண்ட பணி இதுவே.

1926-இல் தீக்கிரையான ஆழித்தேர் புதிதாகச் செய்யப்பட்டு, இடையில் நெடுங்காலம் ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அத்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்தளித்தது. பின்னிருந்து தள்ள புல்டோசர்கள் வந்துவிட்ட பிறகும், முட்டுக்கட்டை இடுவோரின்றி அத்தேர் ஓடுவதில்லை.