பிறப்பு விதியன்று: மனநோய் ஆராய்ச்சி உணர்த்தும் உண்மை

"பிறப்பால் வந்தது, மாற்ற இயலாது" என்னும் சொல்லை நம் சமுதாயத்தைப் போல் கேட்டுச் சலித்தவர் இரார். ஆதலின் பரம்பரை, மரபணு என்று பேசும் அறிவியலை நாம் ஐயத்துடன் நோக்குவது இயல்பே. ஆனால் மனநோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோரின் வரலாறு அவ்வையத்தைப் போக்குகிறது. அவர்களுள் ஒருவர் சென்னை டாக்டர் ஆர். தாரா அம்மையார். அவர் பங்குகொண்ட ஆய்வொன்று நம் குன்னூரின் பழம்பெருமையையும் நினைவூட்டுவதால், அதனை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் எனப் போற்றப்பெறும் டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கினார். ஓய்வுக்குப் பின்னரும் ஓயாத அவர், 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். அப்பணியில் உடன்நின்று, பின்னர் அதன் இயக்குநராக நெடுங்காலம் விளங்கியவரே தாரா.

மனச்சிதைவு என்பது காதில் இல்லாத குரல்கள் ஒலிப்பதும், காரணமற்ற அச்சமும் ஐயமும் மனத்தை ஆட்கொள்வதுமாகிய நோய். இந்நோய் கண்டோர் மீளார் என்றே உலகம் நம்பியிருந்தது. 1981 அளவில், நோய் முதன்முதலாகத் தோன்றிய 90 பேரைத் தேர்ந்து, அவர்களை ஆண்டுதோறும் பின்தொடரும் ஆய்வு சென்னையில் தொடங்கிற்று. தாராவும் உடன்பணியாற்றியோரும் அதனை 25 ஆண்டுகள் வரை நடத்தினர். பத்தாண்டு முடிவிலேயே பெரும்பாலோர் நலம் பெற்றிருந்தமை தெரியவந்தது. கணவரைப் பிரிந்து பெற்றோர் இல்லத்தில் வாடிய பெண் நோயாளரின் துயரையும் தாரா 2003இல் ஆய்வாக வெளியிட்டார்.

நோய் சில குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடி, ஆஸ்திரேலிய நாட்டுக் குயின்ஸ்லாந்து அறிஞர் பிரையன் மவ்ரியுடன் சென்னை நிறுவனத்தார் கைகோத்தனர். 3,000க்கும் மேற்பட்ட இந்தியரின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவு 2019இல் வெளிவந்தது. உடல் நியாசின் என்னும் வைட்டமினைப் பயன்படுத்த உதவும் மரபணு ஒன்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடும் என்பது அதன் குறிப்பு.

நியாசின் என்றதும் குன்னூர் நினைவுக்கு வருகிறது. 1918இல் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய உணவாராய்ச்சி, 1928இல் தனி ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. குன்னூரில் பணியாற்றிய சேலத்து அறிஞர் டாக்டர் சி. கோபாலன், பின்னர் ஐதராபாத்தில் சோளமே உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா நோயை ஆராய்ந்தார். நியாசின் குறைவால் வரும் அந்நோயில் தோல் கருகும், வயிறு கெடும், மனமும் தடுமாறும். மனச்சிதைவு வேறு, பெல்லாக்ரா வேறு. ஒன்றன் மருந்து மற்றதற்காகாது. எனினும் மூளையும் உடலின் உறுப்பே, அதன் பிணியும் உடற்பிணியே என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

அங்ஙனமாயின் பரம்பரை தலையெழுத்தா? அன்று. பெற்றோருள் ஒருவருக்கு மனச்சிதைவு இருப்பின், பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே அது வருகிறது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையருள் ஒருவர் நோயுற்றாலும், மற்றவர் நோயின்றி இருப்பதே மிகுதி. இந்நோய் எச்சாதியையும் விலக்கியதில்லை, எச்சாதிக்கும் உரியதன்று. பிறப்பு ஒரு பங்கு. வாழ்வும் சூழலும் மறு பங்கு. பிறப்பே எல்லாம் என்போருக்கு அறிவியல் தரும் மறுமொழி இதுவே.

இளைஞர்களே! நம் காலனிகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் இன்னும் சிலர் பேய், செய்வினை என்று கோடாங்கியை நாடுகின்றனர். மகளின் மணம் தடைப்படும் என்றஞ்சி நோயை மறைப்போரும் உளர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். அக்கொடுமையை மறவாதீர்! நோயுற்றவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாள் கடத்தாமல் செல்லுங்கள். மருந்தை இடைநிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

தீண்டாமையின் வலியை அறிந்த நாம், நோயுற்றோரைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கலாகுமா? கல்வி நமக்குத் தந்த கண்களால் இவ்வுண்மையைக் காண்போம், இல்லந்தோறும் எடுத்துரைப்போம்.