மலேசியத் தோட்டத் தமிழரின் நாட்டு வைத்தியம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள், தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனதோடு நாட்டு வைத்தியர், மருத்துவச்சி, பூசாரி ஆகியோரிடமும் நோய்க்குத் தீர்வு தேடினர். தோட்டங்கள் மறைந்த பின்னும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் போன்ற நகரங்களிலும் இம்மரபு வேறு வடிவில் தொடர்கிறது.

தோற்றம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் ரப்பர்ப் பயிர் வேகமாகப் பரவியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின் தொழிலாளர் பெரும்பாலும் ஆள்சேர்ப்பவரான கங்காணி வழியாகவே வந்தனர். கங்காணிகள் தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்ததால், ஊரில் இருந்த வைத்திய அறிவும் அவர்களோடு கடல் கடந்தது. 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது.

தோட்டங்களின் முதற்பகை மலேரியா. கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பு நிலங்களை வடித்து அந்நகரிலும் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலும் நோயைக் குறைத்தார். ஆனால் காட்டை அழித்து உருவான தோட்டங்களில் காய்ச்சல் பல ஆண்டுகள் நீடித்தது.

வைத்தியரை நாடிய காரணம்

ஒரு மருத்துவர் பல தோட்டங்களைச் சுற்றிவந்தார். அன்றாடம் மருந்து கொடுத்தவர் டிரெசர். அவர் நிர்வாகத்தின் ஊழியர் என்பதால் தொழிலாளர் அவரிடம் மனம்விட்டுப் பேசத் தயங்கினர். நாட்டு வைத்தியரோ தொழிலாளர் குடியிருப்பான அதே லயத்தில் வாழ்ந்தவர். நோயாளியின் குடும்பத்தையும் குலதெய்வத்தையும் அறிந்தவர். எனவே இந்த நாட்டத்தை வெறும் அறியாமை என ஒதுக்குவது தவறு. வேறு நாடுகளிலும் இதைக் காணலாம்: அமெரிக்காவில் மெக்சிகோவிலிருந்து சென்ற பண்ணைத் தொழிலாளர் குராந்தேரோ எனும் வைத்தியரையும், உடல் நீவிவிடும் சோபதோரையும் நாடுவதற்கும் மொழி, செலவு, தொலைவு ஆகிய தடைகள் காரணமாகின்றன.

சிகிச்சை முறைகள்

மருத்துவச்சி பிரசவம் பார்த்ததுடன் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, மிளகு சேர்ந்த பத்தியச் சாப்பாட்டையும் வகுத்தாள். சுளுக்கு வழித்தல், குழந்தைக்கு உரம் எடுத்தல், விஷக்கடிக்குப் பார்வை பார்த்தல் ஆகியவற்றைக் கைப்பழக்கம் உள்ளோர் செய்தனர். அம்மை கண்டால் வேப்பிலையும் மஞ்சளும் வைத்து மாரியம்மனை வேண்டினர். பயந்த பிள்ளைக்குப் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். தேவைப்பட்டால் மலாய் வைத்தியரான போமோவிடமும் சீன வைத்தியரான சின்சேயிடமும் சென்றனர். மலேரியாவுக்குக் கொய்னா மருந்தையும் விழுங்கினர். ஒன்றை ஏற்றதால் மற்றதை விலக்கவில்லை.

மாற்றம்

1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டமும் அரசு சுகாதார நிலையங்களின் பெருக்கமும் வீட்டுப் பிரசவத்தைக் குறைத்தன. ரப்பர் செம்பனைக்கும், பின்னர் நிலம் வீடமைப்புக்கும் மாறியபோது தோட்ட மக்கள் நகரின் அடுக்குமாடிகளில் குடியேறினர். லயத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த வைத்தியத்தை இனி நாட்டு மருந்துக் கடைகளிலும் சித்த, ஆயுர்வேத நிலையங்களிலும் தேட வேண்டியதாயிற்று.

மரபுவழி மருந்துகளுக்குப் பதிவு 1992இல் தொடங்கியது. பதிவான மருந்து ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணைத் தாங்கியிருக்கும். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைப் பாரம்பரிய இந்திய மருத்துவம் என ஏற்று, வைத்தியர் பதிவுக்கு வழி வகுத்தது. எழுதி வைக்காமல் கைமாறிவந்த மருத்துவச்சியின் அறிவும் பூசாரியின் மந்திரிப்பும் அதில் தனித் துறைகளாக இடம்பெறவில்லை.