காமெடி உதிர்ந்த கதை

'மொபைல் போன்' என்பதில் போன் உதிர்ந்து, அடைமொழியாக இருந்த 'மொபைல்' மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. அமெரிக்க மேடையின் 'மியூசிக்கல்' பிறந்ததும் இப்படித்தான். உதிர்ந்த சொல் காமெடி.

1866-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'தி பிளாக் குரூக்' தான் முதல் மியூசிக்கல் என்பார்கள். ஆட வேண்டிய அரங்கு எரிந்துபோனதால் தவித்து நின்ற பாலே குழுவை ஒரு மாயாஜால நாடகத்துக்குள் நுழைத்து ஒப்பேற்றிய கூட்டாஞ்சோறு அது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. அன்று அதை மியூசிக்கல் என்று சொன்னவர் எவருமில்லை.

'மியூசிக்கல் காமெடி' என்ற பெயரைப் பரப்பியவர் லண்டன் தயாரிப்பாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ். அவருடைய 'எ கெயட்டி கேர்ள்' (1893) கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது. இங்கே காமெடி என்றால் வடிவேலு அல்ல. சுபமாக முடியும் நாடகம். கதை எங்கே போனாலும் சரி, பாட்டு வந்தால் போதும்.

1927-இல் இசையமைப்பாளர் ஜெரோம் கெர்னும் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் 'ஷோ போட்' போட்டார்கள். கறுப்பினக் கலப்பு இருப்பதை மறைத்து வெள்ளைக்காரரை மணந்த நடிகை, மிசிசிப்பி படகு மேடையிலிருந்து விரட்டப்படுகிறாள். சிரிக்க என்ன இருக்கிறது? விளம்பரத்தில் என்னவோ மியூசிக்கல் காமெடிதான்!

1943-இல் வந்த 'ஓக்லஹோமா!' பெயரையும் மாற்றிக்கொண்டது. திரை விலகினால் வழக்கமான ஆட்டக்காரிகளின் வரிசை இல்லை. ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைகிறாள், பாட்டு மேடைக்கு வெளியிலிருந்து மிதந்து வருகிறது. கடைசிக் கட்டத்தில் பண்ணையாள் ஒருவன் தன் கத்திமேலேயே விழுந்து சாகிறான். ஹாமர்ஸ்டைனும் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் இந்த நாடகத்துக்கு இட்ட வகைப்பெயர் 'மியூசிக்கல் பிளே'. 2,212 காட்சிகள் ஓடியது.

காமெடியா பிளேயா என்ற வழக்கைத் தீர்க்க யாரும் மெனக்கெடவில்லை, இரண்டையும் விட்டுவிட்டார்கள். 1949-இல் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது 'கிஸ் மீ, கேட்'டுக்குக் கிடைத்தபோது பிரிவின் பெயரே 'சிறந்த மியூசிக்கல்'. தமிழில் 'இசை நாடகம்' எனலாம். ஆனால் நமக்கு உடனே சங்கரதாஸ் சுவாமிகள் முன்னால் வந்து நிற்பார். மியூசிக்கலாகவே இருக்கட்டும்.

சிறுவயதில் ஹாமர்ஸ்டைனிடம் பாடம் கேட்ட ஸ்டீபன் சோண்ட்ஹைம், 1979-இல் கழுத்தறுக்கும் நாவிதன் கதையை 'ஸ்வீனி டாட்' என்று மேடையேற்றினார். தலைப்புக்குக் கீழே 'எ மியூசிக்கல் திரில்லர்' என்றிருந்தது. அடைமொழிக்கு மறுபடியும் ஒரு துணை.