ஸ்னூக்கர் மேஜைக்குத் துணி மாற்றிய கதை

கல்கத்தாவுக்கு (கொல்கத்தா என்று எழுத இன்னும் கை வரவில்லை) மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு பழைய கிளப். பேங்க்காரன் என்றால் கணக்கு எழுதத்தான் லாயக்கு என்று எல்லா ஊரிலும் ஒரு நம்பிக்கை உண்டு போல. சேர்ந்த ஆறாவது மாதமே என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் கிளப்பில் ஒரு ஸ்னூக்கர் மேஜை இருக்கிறது. பன்னிரண்டடிக்கு ஆறடி, எட்டுக் கால்கள், ஓரத்தில் லண்டன் கம்பெனி ஒன்றின் பித்தளைத் தகடு. கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு ஒரே ஒரு ரூபாய். போன வருடம் துணி இரண்டு இடத்தில் கிழிந்து போனது. மாற்றுவதற்கு வந்த கொட்டேஷனைப் பார்த்ததும், "ஒரு ரூபாய் சொத்துக்கு இவ்வளவு செலவா? மேஜையை விற்றுவிட்டு டேபிள் டென்னிஸ் போடலாம்" என்று கமிட்டிக்கு நோட் எழுதினேன். பி.காம். மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

கமிட்டியில் எண்பதைத் தாண்டிய ஒரு தாதா இருக்கிறார். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம் ஊர் தாதா இல்லை.) அவர் எழுந்து, "செருப்புக்கு வார் அறுந்தால் காலையா விற்பீர்கள், பொருளாளர் பாபு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் நோட் அத்தோடு தோற்றது. தோற்றவனுக்குத் தண்டனையாக, வேலை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடவே இருந்து பில்லைச் சரிபார்க்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. "சோபா கவர் மாத்தச் சொல்லி மூணு வருஷமாச்சு, கிளப் மேஜைக்கு மட்டும் லீவு நாள்ல போறீங்க" என்று தங்கமணியின் ஆசீர்வாதத்தோடு கிளம்பினேன்.

காலை எட்டு மணிக்கு மிஸ்திரி வந்தார். அறுபது வயதிருக்கும். எல்லோரும் சாச்சா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட ஒரு பையன். மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு குஷன் போல்ட்டுகளைக் கழற்றினார். பிறகு ஆறு பாக்கெட்டுகளையும் எடுத்தார். அதன் பிறகுதான் உண்மையான வேலை: துணியைப் பிடித்திருக்கும் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்புவது. நூற்றுக்கணக்கில் இருந்தன. பழைய துணி ஒரே துண்டாக, பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. அடியில் சாக் தூளும் தூசியும்.

இந்தத் துணி ஏன் பச்சையாக இருக்கிறது தெரியுமா? விளையாட்டு முதலில் புல்தரையில்தான் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பந்தைக் கட்டையால் தள்ளி ஆடிக்கொண்டிருந்தவர்கள், மழைக்கும் குளிருக்கும் பயந்து அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். புல்லுக்குப் பதில் பச்சைத் துணி. 1587ல் தலை வெட்டப்பட்ட ஸ்காட்லாந்து ராணி மேரியின் உடலை, அவருடைய பில்லியர்ட்ஸ் மேஜைத் துணியை உரித்துத்தான் சுற்றினார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. ராணியின் கதியை விடுங்கள், துணியை மட்டும் தனியாக உரிக்கலாம் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

துணிக்கு அடியில் முதலில் மரப்பலகைதான். மரம் வளையும், வீங்கும். 1826ல் லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்பவர் பலகைக்குப் பதில் ஸ்லேட் கல் போட ஆரம்பித்தார். நாம் 'அ' எழுதிய அதே சிலேட்டுக் கல்தான், ஆனால் தடிமன் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். முழு மேஜைக்கு ஐந்து கற்கள். மொத்த மேஜை ஒரு டன்னுக்கு மேல் வரும். கல் வளையாது, தேயாது. அதனால்தான் நூறு வருட மேஜைகூட ஒரு துணி மாற்றினால் புதுசாகிவிடுகிறது. பேலன்ஸ் ஷீட் பாஷையில் சொன்னால் கல் மூலதனம், துணி நடைமுறைச் செலவு. நான் இரண்டையும் போட்டுக் குழப்பி ஒரு ரூபாய் என்று எழுதியிருந்தேன்.

துணி என்பது சுத்தமான ஆட்டு ரோமக் கம்பளி. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷையரில் ஸ்ட்ரவுட் என்று ஒரு ஊர். அதைச் சுற்றியுள்ள ஆற்றோர மில்கள்தான் இதற்குப் பேர்போனவை. கம்பளியை நெய்து, தண்ணீரில் போட்டு அடித்துச் சுருக்கி, பிறகு டீசல் என்ற செடியின் (லாரிக்கு ஊற்றுவதில்லை!) முள் நிறைந்த காய்ந்த பூத்தலைகளால் வாரி ரோமத்தை எழுப்பி, எழும்பியதைச் சீராகக் கத்தரிப்பார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். பிரிட்டிஷ் சிப்பாய் போட்ட சிவப்புக் கோட்டுக்குத் துணி நெய்ததும் அதே பள்ளத்தாக்குதான். கிழக்கிந்தியக் கம்பெனியும் அந்த ஊருக்குப் பெரிய வாடிக்கையாளர். சிவப்புச் சாயத்தில் முக்கியது சிப்பாய் முதுகில் ஏறியது. பச்சையில் முக்கியது அவனுடைய அதிகாரிகளின் மெஸ்ஸில் மேஜை மேல் ஏறியது.

அப்படி ஒரு மெஸ் மேஜையில்தான் ஸ்னூக்கரே பிறந்தது, அதுவும் நம் நாட்டில். 1875, ஜபல்பூர். மழைக்காலம். டெவன்ஷையர் ரெஜிமெண்டின் அதிகாரிகளுக்கு வெளியே போக வழியில்லை. நெவில் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது லெஃப்டினன்ட் (ஹிட்லரிடம் ஏமாந்த பிரதமர் வேறு ஆள்), அப்போதிருந்த பிரமிட்ஸ், பிளாக் பூல் ஆட்டங்களோடு இன்னும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புது ஆட்டம் கட்டினார். உல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருடப் பொடியன்களுக்கு 'ஸ்னூக்கர்' என்று பட்டப்பெயர். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட ஒருவரை சேம்பர்லின் அப்படித் திட்ட, அதுவே ஆட்டத்துக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. சென்னை ராணுவத் தளபதி ஃபிரெடெரிக் ராபர்ட்ஸிடம் அவர் வேலைக்குப் போனபோது கோடைக்கு ஊட்டி. 1882ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகளை எழுதி மாட்டினார்கள். நம் நீலகிரியில்!

கல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. 1885ல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் (மேலே சொன்ன தளபதி இல்லை) இங்கே வந்திருந்தபோது, கூச் பிஹார் மகாராஜாவுடன் சாப்பாட்டு மேஜையில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுக்கொண்டு போனார் என்று சொல்லப்படுகிறது. இதற்கெல்லாம் சேம்பர்லின் 1938ல் 'தி ஃபீல்டு' பத்திரிகைக்கு எழுதிய கடிதம்தான் ஆதாரம். அறுபது வருடம் கழித்து எழுதினாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஜபல்பூர் மழையில் ஊறிய கம்பளியைத் தேய்த்து உலர்த்தி, பிய்ந்தபோது புதிதாக இழுத்துக் கட்டிய மிஸ்திரிக்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

சரி, நம் மிஸ்திரிக்கு வருவோம். சாச்சா உலர்ந்த துணியால் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டே போனவர், ஒரு மூலையில் மட்டும் துடைக்காமல் நிறுத்தினார். "இங்கே பாருங்கள் சாப்" என்றார். கல்லில் பென்சில் எழுத்து. ஒன்று உருதுவில், இரண்டு வங்காளியில், ஒன்று ஆங்கிலத்தில் கோணல்மாணலாக. ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு தேதி. துணி மாற்றிய மிஸ்திரிகள் போட்ட கையெழுத்து. இருப்பதில் பழையது 1958. உருது எழுத்தைக் காட்டி, "இது என் வாப்பாவின் உஸ்தாத்" என்றார். லெட்ஜரில் எத்தனையோ கையெழுத்து பார்த்தவன் நான். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

தாதாவுக்குப் போன் போட்டேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். 1958ஐப் பார்த்ததும், அதே வருடம்தான் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார் என்றும், அப்பாவோடு போய்த் தான் பார்த்ததாகவும் சொல்ல ஆரம்பித்தவர் மதியச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை.

இதற்கிடையே சாச்சா ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் மெல்லிய ஆப்பு செருகினார். கற்களின் இணைப்பில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிச் சுரண்டினார். புதுத் துணியை விரிப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். ஒரு பக்கம் தடவினால் வழவழ, எதிர்ப்பக்கம் சொரசொர. பூனையைத் தடவுவது மாதிரி. இதை நாப் என்பார்கள். ஆட்டம் தொடங்கும் 'டி' பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் பக்கம் நோக்கி ரோமம் படுத்திருக்க வேண்டும். மெதுவாகக் குறுக்கே உருளும் பந்தை அது தன் திசையில் கொஞ்சம் சாய்க்கும். நல்ல ஆட்டக்காரன் அதையும் கணக்கில் வைத்துத்தான் அடிப்பான். துணியைத் திருப்பிப் போட்டுவிட்டால் மேஜையின் குணமே மாறிவிடும். அமெரிக்கப் பூல் மேஜைகளில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே ரோமமில்லாத, வழவழப்பான கம்பளித் துணி.

பிறகு இழுப்பு. ஒரு முனையில் ஆணி அடித்துவிட்டு, மறுமுனையில் சாச்சாவும் பையனும் காலை மேஜையில் முட்டுக்கொடுத்து, நடுவிலிருந்து ஓரங்களுக்கு, விரல் விரலாக இழுத்து அடித்தார்கள். பிறகு பக்கவாட்டில். தளர்ந்தால் துணி சுருங்கி அலை விழும், பந்து மந்தமாகும். சரிசமமாக இழுக்காவிட்டால் நெசவே கோணும். கஷ்டமான இடம் நடுப் பாக்கெட். வெட்டு ஒரு நூல் அதிகமானால் முழுத் துணியும் வீண். அங்கே மட்டும் சாச்சா பையனை விடவில்லை. குஷன்களுக்குத் தனித்துணி போட்டுத் திரும்ப மாட்டினார். பின் குஷனிலிருந்து 29 அங்குலத்தில் கோடு, பதினொன்றரை அங்குல ஆரத்தில் அரைவட்டம் வரைந்து முடிக்கும்போது மாலை ஆறு.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. துணியை விரிப்பதற்கு முன், சாச்சா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, உஸ்தாத் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தேதியையும் எழுதினார். பையனிடம் பென்சிலை நீட்டினார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சின்னதாக எழுதினான்.

சப்ளையர் அனுப்பிய பில்லில் துணி இத்தனை மீட்டர், வரி இவ்வளவு, 'லேபர்' என்று ஒரு வரி. வவுச்சரின் பின்பக்கம் இரண்டு பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டர் ஏன் என்று கேட்டால் கேட்கட்டும்.

"ஒரு வாரம் யாரும் ஓங்கி அடிக்காதீர்கள். பிரஷ் எப்போதும் 'டி' பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கம், திரும்பி வரக்கூடாது. மழைக்காலத்தில் தினமும் மிதமான சூட்டில் இஸ்திரி. ஒரு மாதம் கழித்து வந்து இன்னொரு இழுப்பு இழுத்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பழைய துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார் சாச்சா. ஸ்கிராப் விற்பனைப் பதிவேட்டில் எழுத வேண்டிய ஐட்டம்தான் அது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.