செந்நாயின் தலைக்கு வைத்த விலை

காட்டில் மான் குறைந்தால் பழி யார் மேல் விழும்? நீலகிரியில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பல காலம் சொன்ன பதில், செந்நாய்! அது சரியா என்று யாராவது காட்டுக்குள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்களா என்றால், 1970-கள் வரை அநேகமாக இல்லை.

திருச்சிக்காரர்களுக்கு நீலகிரி வேற்றூர் இல்லை. முதுமலைக் காட்டை ஒட்டி ஓடும் மோயாறு பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடுகிறது.

ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய பிறகு, கடமானையும் வரையாட்டையும் சுடுவது பெரிய பொழுதுபோக்கு ஆனது. சில பத்தாண்டுகளிலேயே விலங்குகள் குறைந்தன. கவலைப்பட்ட வேட்டைக்காரர்களே 1877-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு உரிமம் வேண்டும், குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் வந்தன. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்தான்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு மான் போன்ற வேட்டை விலங்குகளுக்குத்தான். மானைத் தின்னும் செந்நாய் ஒழிக்க வேண்டிய பிராணி. கொன்று காட்டினால் சன்மானம்! துப்பாக்கியால் சுட்டது போக விஷமும் வைத்தார்கள்.

ஏன் இவ்வளவு வெறுப்பு? புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இருட்டில் வேட்டையாடும். செந்நாய் பகல் வெளிச்சத்தில், கூட்டமாக, எல்லோர் கண்ணிலும் படும்படி வேட்டையாடும். ஒரு நாய் 12 முதல் 18 கிலோ எடைதான். புலியைப் போல ஒரே கடியில் கழுத்தை முறிக்க அதனால் முடியாது. மான் முழுதாகச் சாவதற்கு முன்பே தின்னத் தொடங்கிவிடும். பார்ப்பவர்களுக்குக் கொடூரமாகத் தெரிந்தது. கிப்ளிங்கும் 1895-இல் வெளிவந்த இரண்டாம் 'ஜங்கிள் புக்'கில் செந்நாய்க் கூட்டத்தை வில்லனாக்கினார்.

இன்னொரு காரணமும் உண்டு. செந்நாய் நுழைந்த பள்ளத்தாக்கில் மான்கள் கலைந்துவிடும். லீவு போட்டு வந்த துரைக்கு வெறுங்கை! மான்கள் இடம் மாறியிருக்கலாம். ஆனால் அவர் கணக்கில் எல்லாமே செத்துப் போனவை. தாயோடு குட்டி இல்லையென்றால் அதுவும் செந்நாய் கணக்கில்தான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுதான் செந்நாய்க்கும் பாதுகாப்பு கிடைத்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் இருவர் செந்நாயைப் பொறுமையாகக் கவனித்தார்கள்.

ஒருவர் இ.ஆர்.சி. டேவிதார். நீலகிரி வழக்கறிஞர், முன்னாள் வேட்டைக்காரர். சிகூர் ஆற்றங்கரை வீட்டிலிருந்து செந்நாய்களைக் கவனித்து, 1975-இல் அவற்றின் வாழ்க்கை பற்றி எழுதினார். இன்னொருவர் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை, முதுமலையை அடுத்த பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார்.

செந்நாயின் முக்கிய இரை புள்ளிமான்தான் என்று அவர் கண்டார். குட்டிகளும் அதில் அடக்கம். ஆக, வேட்டைக்காரர்கள் பார்த்தது பொய்யில்லை. அதிலிருந்து வந்த முடிவுதான் தவறு. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் தின்றும்கூட, அந்தக் காட்டில் அதிகம் கண்ணில் படும் மான் புள்ளிமானாகவே இருந்தது. புள்ளிமான் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடக்கூடியது. புல்லும் தண்ணீரும் இருந்தால் இழப்பை ஈடுகட்டிவிடும்.

ஈடுகட்ட முடியாத இழப்புகள் வேறு. அளவில்லாத துப்பாக்கி வேட்டை. சோலைப் புல்வெளிகளில் நட்ட யூகலிப்டஸும் வாட்டில் மரங்களும். கால்நடைகளிடமிருந்து பரவும் நோய்கள். 1968-இல் முதுமலைப் பகுதியில் காட்டெருமைகளைக் கொன்று குவித்தது வெக்கை நோய்தான், செந்நாய் அல்ல.

அமெரிக்காவில் கயோட்டி என்ற, ஓநாய்க்கு உறவான விலங்கைப் பற்றி மான் வேட்டைக்காரர்கள் இன்றும் இதே புகாரைச் சொல்கிறார்கள். அங்கே சில இடங்களில் புகாரில் உண்மையும் உண்டு. தென் கரோலினாவில் ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்த மான்குட்டிகளில், இறந்தவற்றில் பெரும்பகுதி கயோட்டிக்கு இரையானவை. ஆனால் கயோட்டிகளைப் பிடித்து அகற்றிய பிறகும் பலன் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. எனவே ஒரு காட்டின் கணக்கை இன்னொரு காட்டுக்கு அப்படியே போட முடியாது. அங்கங்கே எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே தண்டனை கொடுத்துவிட்டார்கள். 2015-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் மிஞ்சியிருந்த, இனப்பெருக்கம் செய்யும் வயதுச் செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான். முதுமலையில் இன்றும் சில கூட்டங்கள் திரிகின்றன. பக்கத்திலேயே புள்ளிமான்களும் மந்தை மந்தையாக மேய்கின்றன.